எச்சரிக்கும் செவிலியருக்கு என்ன பாதுகாப்பு?

புது தில்லி: தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் இருக்கும் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் ஒரே கவனக்குறைவுக்குப் பொறுப்பாகி, அதனால் நோயாளி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமானால் மருத்துவருக்கு அதிகபட்சம் 2 ஆண்டுகள் சிறை. செவிலியருக்கு அதிகபட்சம் 5 ஆண்டுகள் சிறை.

2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 106-ஆவது பிரிவு தரும் கணக்கு இது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இந்த வேறுபாடு கிடையாது. யாராக இருந்தாலும் உச்சவரம்பு 2 ஆண்டுகள்தான். 2023 ஆகஸ்டில் மக்களவையில் தாக்கலான முதல் மசோதா அதை எல்லோருக்கும் 7 ஆண்டுகளாக உயர்த்தியது. அது அதிகம், 5 ஆண்டுகளாகக் குறைக்கலாம் என்றது உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. அந்த ஆண்டு டிசம்பர் 20-ஆம் தேதி மக்களவையில் பேசிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, மருத்துவர்களின் வேண்டுகோளை ஏற்று அவர்களுக்காக ஒரு திருத்தம் கொண்டு வருவதாக அறிவித்தார். அதன்படி, பதிவு பெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்யும் தவறுக்கு 2 ஆண்டுகள் என வரம்பு கட்டப்பட்டது. பதிவு பெற்ற மருத்துவர் என்பவர் யார் என்ற விளக்கமும் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது: தேசிய அல்லது மாநில மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். செவிலியருக்கான பதிவேடு வேறு. ஆகவே அவருக்கு 5 ஆண்டுகள்.

மசோதா நிறைவேறிய நாளில் எதிர்க்கட்சி வரிசைகள் பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். தமிழக உறுப்பினர்கள் பலரும் அவர்களில் அடக்கம். மருத்துவர்களுக்காகக் குரல் கொடுக்க ஒரு வலுவான சங்கம் இருந்தது. செவிலியருக்காக எழுந்து நிற்க அன்று அவையில் யாரும் இல்லை.

தண்டனையின் நீளத்தோடு முடிந்துவிடும் பிரச்னை இல்லை இது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆபத்தை முதலில் பார்ப்பவர் அநேகமாகச் செவிலியர்தான். மூத்த மருத்துவர் காலையிலும் மாலையிலும் சுற்றி வருகிறார். பயிற்சி மருத்துவர் பல படுக்கைகளுக்கு நடுவே ஓடுகிறார். நோயாளியின் தலைமாட்டில் நின்று, மணிக்கு ஒரு முறை நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, வென்டிலேட்டரின் அழுத்தம், சிறுநீர் அளவு என ஒவ்வொன்றையும் அட்டவணையில் குறித்து வைப்பவர் செவிலியர். குழாயில் வரும் ஆக்சிஜனின் அழுத்தம் குறைவதையும், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து புகை நாற்றம் வருவதையும், தவறான மருந்து ஊசியில் ஏற்றப்படுவதையும் முதலில் கவனிக்கக்கூடியவர் அவரே. அவர் வாய் திறக்கிறாரா, திறந்தால் யாராவது கேட்கிறார்களா, எழுதிக் கொடுத்தால் அந்தத் தாள் யார் கைக்குப் போகிறது என்பதுதான் மருத்துவ உலகில் பணியிடப் பாதுகாப்புப் பண்பாடு என்று சொல்லப்படுவதன் உள்ளடக்கம். தில்லி மருத்துவமனைகளின் அண்மைக்கால வரலாற்றை இந்தக் கேள்வியோடு புரட்டிப் பார்த்தால் கிடைக்கும் சித்திரம் மகிழ்ச்சி தருவதாக இல்லை.

ஏப்ரல் 2021: தில்லியை உலுக்கிய அந்த இரண்டு வாரங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஏப்ரல் 23-ஆம் தேதி காலை, சர் கங்காராம் மருத்துவமனை ஓர் அறிக்கை வெளியிட்டது. 24 மணி நேரத்தில் மிகவும் கவலைக்கிடமாக இருந்த 25 நோயாளிகள் இறந்துவிட்டனர். கையிருப்பில் உள்ள ஆக்சிஜன் இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். வென்டிலேட்டர்கள் சரிவர இயங்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவிலும் அவசரப் பிரிவிலும் ஊழியர்கள் கையாலேயே நோயாளிகளுக்குச் சுவாசம் கொடுத்து வருகின்றனர் என்றது அது. கையால் சுவாசம் கொடுப்பது என்றால், ரப்பர் பை போன்ற ஒன்றை நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து முறை இடைவிடாமல் அழுத்திக் கொண்டே இருப்பது. ஒரு நோயாளிக்கு ஒருவர் வேண்டும். கை ஓய்ந்தால் மாற்ற இன்னொருவர் வேண்டும்.

அன்றிரவு ரோஹிணியில் உள்ள ஜெய்ப்பூர் கோல்டன் மருத்துவமனையில் மாலையில் வந்து சேர வேண்டிய ஆக்சிஜன் நள்ளிரவையொட்டித்தான் வந்தது. வந்ததும் வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. விடிவதற்குள் 20 பேர் இறந்தனர். மே 1-ஆம் தேதி பத்ரா மருத்துவமனை, சுமார் 80 நிமிடங்கள் தங்களிடம் ஆக்சிஜன் இல்லாமல் போனதாக தில்லி உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அங்கு இறந்த 12 பேரில் ஒருவர் அதே மருத்துவமனையில் இரைப்பை, குடல் நோய்ப் பிரிவின் தலைவராக இருந்த மருத்துவர். நீதிபதிகள் விபின் சாங்கி, ரேகா பாலி அமர்வு நாள்தோறும், விடுமுறை நாளிலும்கூட, அந்த வழக்கை விசாரித்தது. டேங்கர் எங்கே நிற்கிறது, எந்த மாநில எல்லையில் தடுக்கப்பட்டது என்பதை நீதிபதிகளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இரண்டரை மாதங்களுக்குப் பிறகு, ஜூலை 20-ஆம் தேதி, மாநிலங்களவையில் இது குறித்துக் கேள்வி எழுந்தது. சுகாதாரத் துறை இணை அமைச்சர் பாரதி பிரவீண் பவார் எழுத்துபூர்வமாக அளித்த பதில், நாடாளுமன்றச் செய்தியாளர்கள் பலருக்கு இன்றும் நினைவில் இருக்கும். முதல் அலையில் ஒரு நாளைக்கு 3,095 டன்னாக இருந்த மருத்துவ ஆக்சிஜன் தேவை இரண்டாம் அலையில் ஏறக்குறைய 9,000 டன்னாக உயர்ந்தது என்று ஒப்புக்கொண்ட அதே பதில், ஆக்சிஜன் பற்றாக்குறையால் மரணம் நேர்ந்ததாக எந்த மாநிலமும் யூனியன் பிரதேசமும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை என்றது. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்ற வழக்கமான வாசகமும் இருந்தது. எதிர்க்கட்சிகள் கொந்தளித்தன. தில்லியை ஆண்ட ஆம் ஆத்மி கட்சியும் கண்டித்தது. ஆனால் ஜெய்ப்பூர் கோல்டன் மரணங்களுக்கு ஆக்சிஜன் பற்றாக்குறைதான் காரணம் என்று சொல்ல முடியாது என உயர் நீதிமன்றத்தில் அறிக்கை அளித்தது தில்லி அரசு அமைத்த நிபுணர் குழுவே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரு அரசுகளும் சொன்னது, சட்ட நுணுக்கத்தின்படி பொய்யல்ல என்றே வாதிடலாம். இறப்புச் சான்றிதழில் 'ஆக்சிஜன் தீர்ந்தது' என்று எழுத இடமில்லை. இதயமும் நுரையீரலும் செயலிழந்ததாகத்தான் எழுதுவார்கள். ஆனால் சான்றிதழைத் தவிர வேறு ஆவணமும் உண்டு. எத்தனை மணிக்கு ஆக்சிஜன் அளவு தொண்ணூறிலிருந்து எழுபதுக்கு, எழுபதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கியது என்பது செவிலியரின் கைப்பட மணிவாரியாகப் பதிவாகும் அட்டவணை. ஒரே நேரத்தில் பத்துப் படுக்கைகளில் அளவு ஒரே மாதிரி சரிந்திருந்தால், காரணம் நோயாளியின் உடலில் இல்லை, சுவருக்குப் பின்னால் ஓடும் குழாயில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள நிபுணர் குழு தேவையில்லை. அந்த அட்டவணைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து நாடாளுமன்றத்தின் முன் வைக்கும் வழிமுறை எதுவும் அன்று இல்லை.

தாக்குதலுக்குச் சட்டம் உண்டு: மருத்துவமனை ஊழியர் பாதுகாப்பு என்றாலே தலைநகரில் ஒரே பொருள்தான்: உறவினர்கள் அடித்தால் என்ன செய்வது? அந்த அச்சம் நியாயமானது. 2021 ஏப்ரல் 27-ஆம் தேதி, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை கிடைக்காத நிலையில் ஒரு பெண்மணி இறந்ததை அடுத்து, தெற்கு தில்லி சரிதா விகாரில் உள்ள பெரிய தனியார் மருத்துவமனையில் ஊழியர்கள் தடிகளால் தாக்கப்பட்டனர். படுக்கை இல்லாததற்கு அடிபட்டவர்கள் எந்த வகையிலும் பொறுப்பல்ல. பொறுப்பானவர்கள் யாரும் அங்கே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கவில்லை.

தாக்குதலைத் தண்டிக்க தில்லியிலும் தமிழகத்திலும் 2008-லேயே சட்டங்கள் வந்துவிட்டன. 2019-இல் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டு, பிறகு கைவிட்டது. 2020-இல் கொள்ளைநோய்ச் சட்டம் திருத்தப்பட்டு, கடும் காயம் விளைவித்தால் 7 ஆண்டுகள் வரை சிறை என்றானது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பின், உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து தேசியப் பணிக்குழுவை அமைத்தது. சம்பவம் நடந்த 6 மணி நேரத்துக்குள் மருத்துவமனைத் தலைவர் முதல் தகவல் அறிக்கைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. தனி மத்தியச் சட்டம் தேவையில்லை என்ற முடிவுக்கு வந்த பணிக்குழுவின் அறிக்கை நவம்பரில் வெளியானது. அதே நவம்பர் 13-ஆம் தேதி சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார்.

உச்ச நீதிமன்றம் பணிக்குழுவுக்கு இரண்டு வேலைகளைக் கொடுத்தது. ஒன்று வன்முறைத் தடுப்பு. மற்றொன்று, கண்ணியமான, பாதுகாப்பான பணிச்சூழலுக்கான விதிகள். தொலைக்காட்சி விவாதங்கள் அனைத்தும் முதலாவதைச் சுற்றியே நடந்தன. காவலர் எண்ணிக்கையைக் கூட்டலாம், கேமரா பொருத்தலாம். அதற்குப் பணம் ஒதுக்கி அறிவிப்பு வெளியிடுவது எளிது. இரண்டாவது வேலை சிரமமானது. பயிற்சி மருத்துவருக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது என்று மத்திய அரசின் உறைவிட மருத்துவர் திட்டம் கூறியது 1992-இல். தில்லியில் எந்த மருத்துவமனையிலாவது விசாரித்துப் பாருங்கள். 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று பதில் வரும்.

ஒரே கூட்டத்தொடர், இரு சட்டங்கள்: கொள்ளைநோய்ச் சட்டத் திருத்தம் 2020 செப்டம்பர் 21-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. மறுநாளே அதே அவையில் நிறைவேறிய இன்னொன்று, பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம். அடுத்த நாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. உறுப்பினர்கள் 8 பேரின் இடைநீக்கத்தைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த நேரம் அது. முக்கியமான பாதுகாப்புச் சட்டங்கள் எல்லாம் எதிர்க்கட்சிகள் வெளியே இருக்கும்போதே நிறைவேறுவது ஏதோ தற்செயல் போலும்!

அந்தக் கூட்டத்தொடரில்தான், கொரோனாவால் இறந்த மருத்துவ ஊழியர்களின் எண்ணிக்கை குறித்த கேள்விக்கு, சுகாதாரம் மாநிலப் பொறுப்பு என்பதால் அத்தகைய விவரம் மத்தியில் பராமரிக்கப்படவில்லை என்று மாநிலங்களவையில் பதில் அளிக்கப்பட்டது. கோபமடைந்த இந்திய மருத்துவர் சங்கம் 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் மருத்துவர்கள் மட்டுமே.

13 தொழிலாளர் சட்டங்களை ஒன்றாக்கிய அந்தத் தொகுப்பு ஐந்து ஆண்டுகள் கிடப்பில் இருந்து, 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 14-ஆவது பிரிவு, நமது கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து நேரலாம் என்று ஊழியர் நியாயமாகக் கருதினால், அதை நிர்வாகத்திடம் நேரடியாகவோ பாதுகாப்புக் குழு மூலமாகவோ தெரிவிக்கலாம். அதே நேரத்தில் அரசின் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். பழைய தொழிற்சாலைச் சட்டம் மருத்துவமனை வாசலுக்கு வந்ததே இல்லை. 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தும் புதிய சட்டம் வரக்கூடும்.

வரக்கூடும் என்று தயக்கத்தோடு சொல்லக் காரணம் உண்டு. பாதுகாப்பு அதிகாரி ஒருவரைக் கட்டாயம் நியமிக்க வேண்டிய இடங்களை 22-ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. 500 தொழிலாளர் உள்ள தொழிற்சாலை. அபாயகரமான உற்பத்தி என்றால் 250. கட்டுமானப் பணி என்றால் 250. சுரங்கம் என்றால் 100. மருத்துவமனை அதில் இல்லை. ஆயிரக்கணக்கில் ஊழியர்கள் பணியாற்றி, திரவ ஆக்சிஜன் தொட்டியை வளாகத்துக்குள்ளேயே வைத்திருக்கும் மருத்துவமனைக்குப் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் இல்லை. மத்திய, மாநில அரசுகளின் அலுவலகங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்ற விலக்கும் உள்ளது. அரசு மருத்துவமனை 'அலுவலகமா' என்று நாளை ஒரு வழக்குரைஞர் கேட்டால் பதில் நீதிமன்றத்தில்தான் கிடைக்கும். அறப்பணி, சமூக சேவை அமைப்புகளின் நிறுவனங்களைத் 'தொழில்' என்ற வரையறையிலிருந்து விலக்கும் வாசகமும் உண்டு. தில்லியின் பெரிய தனியார் மருத்துவமனைகளில் பலவும் அறக்கட்டளைகளின் பெயரில் நடப்பவை என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தச் சட்டச் சிக்கல் புதிதல்ல. பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் மருத்துவமனையும் ஒரு தொழிலே என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பளித்தது. மருத்துவமனையை விலக்கும் வகையில் 1982-இல் நாடாளுமன்றம் தொழில் தகராறு சட்டத்தைத் திருத்தியது. அந்தத் திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு கடைசிவரை வரவே இல்லை. மருத்துவமனை ஊழியரைத் தொழிலாளி என்று ஏற்பதா, சேவகர் என்று போற்றி ஒதுக்குவதா என்ற குழப்பத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது.

தீ விபத்துகள்: ஆக்சிஜன் வறட்சிக்கு அடுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவுகளைத் திரும்பத் திரும்பத் தாக்குவது தீ. மின்கருவிகள் 24 மணி நேரமும் ஓய்வின்றி இயங்குகின்றன. ஆக்சிஜன் கசிந்து காற்றில் அதன் விகிதம் கூடினால், சாதாரணமாகப் புகைந்து அணையும் பொறி பற்றி எரிகிறது. கிருமி புகாதிருக்க அடைக்கப்பட்ட ஜன்னல்கள் புகையையும் உள்ளேயே வைத்துவிடுகின்றன. நோயாளியோ எழுந்து ஓட முடியாதவர்.

2024 மே 25-ஆம் தேதி இரவு கிழக்கு தில்லி விவேக் விகாரில் பச்சிளங்குழந்தைகளுக்கான தனியார் மருத்துவமனையில் நேர்ந்த தீ விபத்து 7 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. 5 படுக்கைகளுக்கு வழங்கப்பட்ட உரிமம் அந்த ஆண்டு மார்ச் 31-ஆம் தேதியே காலாவதியாகி இருந்தது. உள்ளே இருந்ததோ 12 குழந்தைகள். அவசர வழி இல்லை. ஆக்சிஜன் சிலிண்டர்கள் வெடித்தன. உரிமையாளரும் பணியில் இருந்த மருத்துவரும் கைது செய்யப்பட்டனர். அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் படுக்கை எண்ணிக்கையும் தெரியும், சிலிண்டர் எண்ணிக்கையும் தெரியும், வாசல் எத்தனை என்பதும் தெரியும். தெரிந்ததை வேலையை இழக்காமல் சொல்வதற்கு அவர்களுக்கு ஓர் இடம் இருந்ததா என்பதை அப்போது யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

விபத்துக்குப் பின் கை எங்கே நீள்கிறது என்பதைப் பாருங்கள். 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் 10 சிசுக்கள் இறந்தன. சில வாரங்களில் இரண்டு செவிலியர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. 2024 நவம்பர் 15-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தின் ஜான்சியில் மருத்துவக் கல்லூரியின் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவு எரிந்து, அன்றிரவே 10 குழந்தைகள் மாண்டன. இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் அந்தப் பிரிவின் பொறுப்புச் செவிலியரும் ஒருவர். கவனக்குறைவு இருந்தால் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் மின்கம்பிகளை மாற்றும் அதிகாரமோ, படுக்கைகளைக் குறைக்கும் அதிகாரமோ, இன்னொரு வாசல் வைக்கும் அதிகாரமோ செவிலியரிடம் இருந்ததில்லை.

மறுபக்கமும் உண்டு. 2011 டிசம்பர் 9-ஆம் தேதி கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் புகை சூழ்ந்து ஏறக்குறைய 90 பேர் இறந்தபோது, நோயாளிகளை வெளியேற்றிக்கொண்டே இருந்த கேரளச் செவிலியர் இருவர் திரும்பவில்லை. பத்ராவில் ஆக்சிஜன் தீர்ந்த அதே மே 1-ஆம் தேதி அதிகாலை குஜராத்தின் பரூச்சில் கொரோனா சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்து இறந்தவர்களில் இருவர் பயிற்சிச் செவிலியர். தில்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் 2021 மார்ச் 31-ஆம் தேதி காலை தீவிர சிகிச்சைப் பிரிவில் தீப்பிடித்தது, ஊழியர்களும் தீயணைப்புப் படையினரும் சுமார் 50 நோயாளிகளை வெளியே கொண்டு வந்தனர், ஒருவரும் இறக்கவில்லை. யாரும் இறக்காததால் அது ஒரு நாள் செய்தியோடு முடிந்தது. அன்று எது சரியாக நடந்தது என்பதைக் கேட்டு எழுதி மற்ற மருத்துவமனைகளுக்கு அனுப்பியிருந்தால் எவ்வளவோ பயன்பட்டிருக்கும்.

காலியான சிலிண்டர்: கவனக்குறைவு வழக்குகளுக்கு இன்றும் அடிப்படையாக விளங்கும் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு (2005 ஆகஸ்ட் 5) பிறந்ததும் ஓர் ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்துதான். 1995 பிப்ரவரியில் லூதியானா மருத்துவமனை ஒன்றில் மூச்சுத் திணறிய முதியவருக்குப் பொருத்தப்பட்ட சிலிண்டர் காலியாக இருந்தது. பக்கத்து அறையிலிருந்து வேறொன்றை எடுத்து வந்தும் அதை இயக்க ஏற்பாடு இல்லை. அந்த ஐந்து, ஏழு நிமிடங்களில் அவர் இறந்தார். மருத்துவர்கள் மீது குற்ற வழக்கு நிற்காது என்றது தலைமை நீதிபதி லஹோட்டி தலைமையிலான அமர்வு. மருத்துவமனைக்கு உரிமையியல் பொறுப்பு உண்டா என்பதில் கருத்துக் கூறாமல் விட்டது. வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறாமல் வழக்கு நடத்தக் கூடாது, வழக்கமான முறையில் கைது செய்யக் கூடாது என்ற அதன் நெறிமுறைகள் 'மருத்துவர்' என்ற சொல்லை வைத்தே எழுதப்பட்டுள்ளன. 2023-இன் திருத்தம் அந்த வழியிலேயே நடந்து, இடைவெளியை மேலும் மூன்று ஆண்டு சிறையாக அகலப்படுத்திவிட்டது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2003 முதல் நடந்த ஒரு முயற்சியை இங்கே சொல்லலாம். நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பங்கேற்றன. ரத்தக் குழாயில் செருகும் குழாய்வழி பரவும் தொற்றைத் தடுக்க ஐந்து எளிய நடவடிக்கைகள்: கை கழுவுவது, முழு மறைப்புத் துணி, கிருமிநாசினி என்ற அளவில்தான். மருத்துவர் அவற்றில் ஒன்றைத் தவறவிட்டால், அவசரமில்லாத நேரங்களில், அவரை நிறுத்தும் அதிகாரம் செவிலியருக்கு வழங்கப்பட்டது. அதற்கு நிர்வாகம் துணை நின்றது. ஆயிரம் குழாய் நாள்களுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை விகிதம் மூன்று மாதங்களில் பூஜ்யத்துக்கு இறங்கியது. டென்மார்க்கில் 2004 முதல் மருத்துவமனைத் தவறுகளை ஊழியர் தெரிவித்தே ஆக வேண்டும்; தெரிவித்ததற்காக அவரைத் தண்டிக்க முடியாது என்று சட்டமே கூறுகிறது.

இந்தியாவில் மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க தேசிய அளவில் ஓர் அமைப்பு 2010-இல் தில்லி எய்ம்ஸில் தொடங்கி, பின்னர் காஜியாபாதுக்கு மாறியது. மருத்துவக் கருவிகளின் பழுதைத் தெரிவிக்க 2015 முதல் ஏற்பாடு உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் 2018 முதல் 2025 வரைக்கான நோயாளி பாதுகாப்புச் செயல்திட்டம் ஒன்றையும் வெளியிட்டது. தவறுகளைத் தெரிவிக்கும் முறை அதில் பேசப்படுகிறது. ஆனால் செயல்திட்டம் சட்டம் அல்ல. இடைநீக்க உத்தரவு கையில் கிடைக்கும் செவிலியர் அதைக் காட்டி நீதிமன்றம் போக முடியாது.

உத்தரவின் மொழி: தில்லி மருத்துவமனை நிர்வாகங்கள் செவிலியரோடு எந்த மொழியில் பேசிப் பழகியுள்ளன என்பதற்கு ஓர் உதாரணம், தமிழர்களுக்கும் நெருடக்கூடியது. 2021 ஜூன் 5-ஆம் தேதி, அரசின் ஜி.பி.பந்த் மருத்துவமனையில் ஒரு சுற்றறிக்கை வெளியானது. பணியிடத்தில் மலையாளம் பேசுவதால் நோயாளிகளும் சக ஊழியர்களும் சிரமப்படுவதாகப் புகார் வந்துள்ளது. இந்தி, ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசினால் கடும் நடவடிக்கை என்றது அது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே திரும்பப் பெறப்பட்டது. பணி மாறும்போது நோயாளியின் நிலையை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் பேச்சு எல்லோருக்கும் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதில் தவறில்லை. தீவிர சிகிச்சையில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதைக் கூடிப் பேசி, ஒப்படைப்புக்கு ஒரு முறையை வகுத்திருக்கலாம். மிரட்டல் கடிதமாக வந்ததால், ஒரு பாதுகாப்புப் பிரச்னை ஒரே நாளில் மொழிப் பிரச்னையாகி முடிந்துபோனது. இரண்டாம் அலை ஓய்ந்துகொண்டிருந்த வாரம் அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆள் பற்றாக்குறை பற்றித் தனியே எழுத வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கு மத்திய நிதி அமைச்சகத்தின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவுகோல், தீவிர சிகிச்சையில் ஒவ்வொரு பணி நேரத்திலும் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர். விடுப்புக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல். தனியார் துறையில் ஊதியமே பெரும் போராட்டமாக இருந்தது: உச்ச நீதிமன்றம் 2016-இல் தலையிட்டு, நிபுணர் குழு பரிந்துரைத்து, தில்லி அரசு 2018-இல் உத்தரவிட்டு, மருத்துவமனை உரிமையாளர்கள் எதிர்த்து வழக்காடி, 2019-இல்தான் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதி செய்தது. ஒப்பந்தப் பணியில், குறைந்த ஊதியத்தில் இருப்பவர் ஆய்வாளருக்குக் கடிதம் எழுதுவார் என்று 14-ஆவது பிரிவு எதிர்பார்க்கிறது.

நாடாளுமன்றத்தால் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. 106-ஆவது பிரிவின் விளக்கத்தில் பதிவு பெற்ற செவிலியரையும் சேர்க்க ஒரு வரி போதும். பாதுகாப்பு அதிகாரி, பாதுகாப்புக் குழு ஆகியவற்றை மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்குவதும் எச்சரித்தவரைப் பழிவாங்கத் தடை விதிப்பதும் அதைவிடச் சற்றுப் பெரிய வேலை. எந்த அமைச்சகம் செய்வது என்பதில்தான் சிக்கல். சுகாதார அமைச்சகத்தைக் கேட்டால் மாநிலப் பொறுப்பு என்கிறது. தொழிலாளர் நல அமைச்சகத்தின் பார்வையில் மருத்துவமனை என்பது சுகாதார அமைச்சகத்தின் விஷயம். குற்றச் சட்டம் உள்துறையிடம் இருக்கிறது. ஒரு கேள்வியை எந்த அமைச்சகத்துக்கு அனுப்புவது என்று அவைச் செயலகமே யோசிக்க வேண்டியிருக்கும்.

இதனிடையே, 2021 ஏப்ரல், மே மாத இரவுகளில் தில்லிச் செவிலியர் மணிக்கு மணி எழுதிய அட்டவணைகளுக்கு வருவோம். உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். வழக்குகளுக்காக எடுத்து வைக்கப்பட்டவை நீங்கலாக, அந்த அட்டவணைகளுக்கான கெடு 2024 மே மாதத்தோடு முடிந்துவிட்டது.